கைக்குட்டைக்குப் பரிமாறியது

ஏரிக்கு அந்தப் பக்கம் ஏழைகளுக்கு வீடு கட்டினார்கள். யாரும் அதில் தங்கவில்லை.

வீட்டில் குறை இல்லை. நல்ல சுவர். குழாயில் தண்ணீர் வந்தது. சாவி வாங்கினவர்கள் கொஞ்ச நாள் இருந்து பார்த்தார்கள். பிறகு பூட்டிவிட்டு, மருதம் நகர்க் கால்வாய் ஓரத்துத் தகரக் கொட்டகைகளுக்கே திரும்பிவிட்டார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வைத்திலிங்கம். ஓய்வுபெற்ற இன்ஜினீயர். நகரின் குடியிருப்போர் சங்கத் தலைவர். நல்ல மனிதர்தான். அந்த வீடுகளுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர். அதனால்தான் அவருக்கு இத்தனை கோபம்.

நகரின் ஓரத்தில் ஒரு சின்ன மடம் உண்டு. அங்கே இருந்த சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. இன்ஜினீயருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. இருந்தாலும் சாமிதான் இவருக்குக் குரு. வாரம் ஒரு தடவை வந்து எதையாவது கேட்பார்.

அன்று வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"சாமி, ஏழைக்கு வீடு எங்கே கட்டணும்?"

"ஏன், கட்டியாச்சே?"

"கட்டியாச்சு. இருக்க மாட்டேங்கறாங்க. மழைக்கு முன்னாடி கால்வாய் ஓரத்தைக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் வீடு கட்டித் தரோம், இடத்தைக் காட்டுங்கறாங்க. இந்த மாசத்துக்குள்ள காட்டலேன்னா அதுவும் போயிடும்."

"ஏன் இருக்க மாட்டேங்கறாங்கன்னு கேட்டீங்களா?"

"பூங்காவனம்னு ஒரு பொண்ணு. எங்க தெரு நர்சிங் ஹோம்ல வேலை. விடியறதுக்குள்ள வார்டு கூட்டியாகணும். அவளைக் கேட்டேன். 'அங்க போனா வேலை போவுது, இங்க இருந்தா வீடு போவுது. எதை விடட்டும், நீயே சொல்லு சார்'ங்கறா."

"என்ன சொன்னீங்க?"

"பஸ் விடச் சொல்லி மனு கொடுத்திருக்கேன்னு சொன்னேன். சிரிச்சா."

சாமியும் சிரித்தார்.

"நகருக்குள்ள இடம் இல்லையா?"

"சுத்தமா இல்லை. மனையெல்லாம் வித்தாச்சு. ஃபுல்."

"நாளைக்கு இங்கே குருபூஜை. பந்தியில ஆளை உட்கார வைக்கற வேலை உங்களுக்கு."

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை. இன்ஜினீயர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் மடத்து ஹாலில் மேஜை போட்டு இலை விரித்திருந்தது. நகர்க்காரர்கள் முதலில் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா உட்காரவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு கைக்குட்டை. அதற்கடுத்ததில் கார் சாவி. எதிரே தண்ணீர் பாட்டில். கேட்டால், "ஆள் வருது." இன்ஜினீயர் வீட்டம்மாவும் பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்திருந்தார்.

கால்வாய் ஓரத்துக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். இன்ஜினீயர் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"உள்ளே இடம் இல்லை. பின்னாடி மாட்டுக் கொட்டகைப் பக்கம் பாய் விரிக்கச் சொல்றேன்."

"இங்கயும் ஏரிக்கு அந்தாண்டதானா சார்?" என்றாள் பூங்காவனம். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள்.

கொட்டகைக்குச் சோறு போனது. சாம்பார் வாளியை ஹாலிலேயே நாலு பேர் மறித்துக்கொண்டார்கள். அது கொட்டகைக்கு வந்தபோது கரண்டி அடியைச் சுரண்டியது. ரசம் வரவே இல்லை. வெறும் சோற்றை எவ்வளவு நேரம் பார்ப்பது? இலையை மூடிவிட்டு எழுந்து வாசல் பக்கம் நடந்தார்கள்.

இன்ஜினீயர் சாமியிடம் ஓடினார்.

"சாமி, சோறு போட்டும் போறாங்க!"

"உள்ளே உட்கார வைக்கறதுதானே?"

"ஃபுல் சாமி."

சாமி உள்ளே வந்தார். பரிமாறுகிறவனிடமிருந்து வாளிகளை வாங்கிக்கொண்டார். கைக்குட்டைக்கு எதிரே இருந்த இலையில் சோறு வைத்து, சாம்பார் ஊற்றினார்.

"கூச்சப்படாம சாப்பிடணும்," என்றார் கைக்குட்டையிடம்.

பந்தியே சிரித்தது.

"சாவிக்கு அப்பளம் வெச்சீங்களா? நொறுக்கித் தரணுமா?" என்று அடுத்த நாற்காலிக்குப் போனார் சாமி.

"சாமி இன்னிக்கு நல்ல குஷியில இருக்கார்," என்றார் சங்கச் செயலாளர். அவருடைய சாவிதான் அது.

கைப்பைக்குப் பாயசம் வந்தது. இன்ஜினீயர் வீட்டம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இது யார் இடம்?" என்றார் சாமி.

"அவர் இடம்."

"அவர் காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்காரே."

அந்த அம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். எழுந்து வெளியே போனார். பூங்காவனத்தைக் கையைப் பிடித்து அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்தார். அதன் பிறகு கைக்குட்டைகள் எழுந்தன, சாவி எழுந்தது. வாசலில் நின்ற அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். அப்போதும் சில நாற்காலிகள் மிச்சம்.

பந்தி முடிந்ததும் இன்ஜினீயர் வந்து நின்றார்.

"சாமி, எங்க தெருவில வீட்டுக்கு வீடு நடுவுல காலி மனை. கருவேலம் மண்டிக் கிடக்கு. ஒருத்தர் துபாய்ல இருக்கார், ஒருத்தர் பெங்களூர்ல."

"ரோடு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"தெருவிளக்கு?"

"எரியுது."

"யாருக்கு?"

இன்ஜினீயர் மிச்சமிருந்த நாற்காலிகளைப் பார்த்தார்.

"உங்களுக்கு அப்படி மனை ஏதாவது?"

"வீட்டை ஒட்டி ஒண்ணு இருக்கு. பையனுக்கு. டொரண்டோவில இருக்கான். வந்து கட்டுவான்."

"எப்போ?"



அடுத்த வாரம் வந்தபோது இன்ஜினீயரின் முகம் வேறு மாதிரி இருந்தது.

"சங்கக் கூட்டம் போட்டேன் சாமி. காலி மனை வெச்சிருக்கறவங்க கொடுத்தா அரசாங்கம் எடுத்துக்கும், அங்கங்கே கலந்து கட்டலாம்னேன். ஒரே கூச்சல். நகர் பேரே கெட்டுடும்னார் ஒருத்தர். கட்டுங்க, நடுவுல பெரிய சுவரா வெச்சுக் கட்டுங்கன்னார் இன்னொருத்தர். செயலாளர் சும்மா இருப்பாரா? 'தலைவரே, முதல்ல உங்க மனையைக் கொடுங்களேன்'னுட்டார்."

"கொடுத்தீங்களா?"

"வாய் வரலை சாமி."

"சரி, அப்புறம்?"

"பின் வரிசையிலேர்ந்து எங்க வீட்டுல எழுந்தா. 'அந்த மனை என் பேர்ல இருக்கு. பையன் வரமாட்டான். என்கிட்ட சொல்லி ரொம்ப நாளாச்சு. நாளைக்கே வந்து அளந்துக்கோங்க'ன்னா."

சாமி தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தார். குடித்துவிட்டு இன்ஜினீயர் தொடர்ந்தார்.

"அதுக்கப்புறம் யாரும் கத்தலை. செயலாளர் தன் மூலை மனையைத் தரேன்னார். துபாய்க்காரருக்கு அங்கேயே போன் போட்டாங்க, அவரும் சரின்னுட்டார். இன்னிக்கு வந்து அளந்தாங்க. பூங்காவனம் வீட்டுக் கதவு எங்க சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே வருது."

"நல்லது."

"அடிக்கல்லுல உங்க பேரைப் போடலாம்னு பேசிக்கறாங்க சாமி."

"எனக்கு அங்கே ஏது மனை? எழுந்து நின்னவங்க பேர் என்ன?"

"யாரு, எங்க வீட்டுலயா?"

"ஆமா."

"லோகாம்பாள்," என்றார் இன்ஜினீயர்.