பத்தாவது போல்ட்டு

"எட்டு நாளா இந்த மிஷினுக்குப் பல்லு வெளக்கி விட்டுக்கிட்டிருக்கேன். வேலைய எப்பத்தான் சொல்லித் தருவ?"

செங்கமலம் போட்ட சத்தத்துல பட்டறைக் கூரையில இருந்த காக்கா எழும்பி அடுத்த தெருவுக்குப் போயிடுச்சு.

பிலோமி நிமிந்து பாக்கலை. கிரீஸ் கன்னைத் தொடைச்சுக்கிட்டே கேட்டா.

"மொத்தம் எத்தனை பல்லுக்கா?"

"என்னது?"

"வெளக்குனீங்களே. எத்தனை?"

"பல்லு எண்ணவா பஸ் ஏறி வந்தேன்? நான் என்ன பல் டாக்டரா?"

"எண்ணிட்டு வாங்க."

செங்கமலம் முணுமுணுத்துக்கிட்டே போனா. வைக்கோலை வாரி உள்ள தள்ளுற கம்பிப் பல்லு ஒவ்வொண்ணையும் தொட்டு எண்ணுனா. திரும்பி வந்தப்ப சத்தம் ஒரு படி எறங்கியிருந்துச்சு.

"அறுவத்தி மூணு. ரெண்டு வளைஞ்சிருக்கு. ஒரு எடம் பொக்கை."

"எட்டு நாள் தொடைச்சப்ப தெரியலையா?"

"தொடைக்கத்தானே சொன்ன? பாக்கவா சொன்ன?"

பிலோமி சிரிச்சா. புதுப் பல்லு ஒண்ணை எடுத்து அவ கையில வச்சா.

செங்கமலத்துக்கு வயசு நாப்பத்தி மூணு. பிலோமிக்கு இருவத்தெட்டு. சிஷ்யையை அக்கான்னும் குருவைத் தங்கச்சின்னும் கூப்புடுற பாடசாலை உலகத்துல இது ஒண்ணாத்தான் இருக்கும். ஆனா சுத்துப்பட்டுல வைக்கோல் கட்டுற மிஷின் எது மக்கர் பண்ணாலும் பிலோமி பட்டறைக்குத்தான் இழுத்துட்டு வருவாங்க.

செங்கமலம் இழுத்துட்டு வந்தது கீழப்பனையூர் பால் சங்கத்து மிஷின். பழசு. சங்கம் அதை வாங்குனப்ப, நான் ஓட்டுறேன்னு கையைத் தூக்குன ஒரே ஆளு இவதான். தை அறுப்பு நெருங்கிடுச்சு. வர்ற வெள்ளிக்கிழமை மொத வயல்ல வைக்கோல் கட்டணும்.

டீ வந்துச்சு. பிலோமி கேட்டா.

"வெள்ளிக்கிழமை மிஷின் நின்னா என்னாகும்க்கா?"

"வெளியூர் டிரைவரைக் கூப்புட்டுச் சாவியைக் குடுத்துருவாங்க. நான் வீட்டுல போய் ஒக்காரணும். மிஷின் நின்னா மட்டும் இல்ல. நான் வாயைத் தொறந்தாலும் அதே கதைதான்."

"வாய்க்கும் வைக்கோலுக்கும் என்ன சம்பந்தம்?"

"போன வருசம் உண்டாச்சு."

போன வருசம் வெளியூர் மிஷின் ஒண்ணு வந்துச்சு. விடிஞ்சும் விடியாம, பனி சொட்டச் சொட்ட, டிரைவர் வைக்கோலைக் கட்ட ஆரம்பிச்சான். செங்கமலம் வரப்புல நின்னுக்கிட்டு அவனோட ஏழு தலைமுறையையும் தட்டி எழுப்பி விட்டா. அவன் கோவிச்சுக்கிட்டு மிஷினோட பக்கத்து ஊருக்குப் போயிட்டான். வேற மிஷின் கெடைக்க ஒம்போது நாளாச்சு. அதுக்குள்ள மழை. பாதி வைக்கோல் வயல்லயே மக்கிப் போச்சு.

"என் வாயாலதான் மாடு பட்டினி கெடந்துச்சுன்னு ஊரே சொல்லுது. அதான் இந்த வருசம் சங்கத்துல எல்லார் முன்னாலயும் சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணிட்டேன். வயக்காட்டுல வாயே தொறக்க மாட்டேன்."

"பக்கத்து ஊர்ல அந்த டிரைவர் கட்டுன கட்டெல்லாம் என்னாச்சு?"

"அதை ஏன் கேக்குற? உள்ளயே கொதிச்சுப் பூசணம் பூத்துப் போச்சு. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு."

"ஓ."

"என்ன ஓ?"

"அன்னைக்கு வரப்புல போட்ட சத்தமும், இன்னைக்குக் காக்கா பறந்துச்சே அந்தச் சத்தமும் ஒரே சத்தமாக்கா?"

"எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. வீட்டுக்கு ஒண்ணு, வயலுக்கு ஒண்ணுன்னா வாங்கி வச்சிருக்கேன்?"

"அப்ப எது காக்காவுக்கு, எது பனிக்குன்னு ஊருக்கு எப்படித் தெரியும்?"

செங்கமலம் டம்ளரை டங்குன்னு வச்சா. அந்தக் கோவத்தையும் சேத்து டீயைத் திட்டினா. சக்கரை கம்மியாம்.

செவ்வாய்க்கிழமை ஓட்டிப் பாத்தாங்க.

பட்டறைக்குப் பின்னால திடல். பிலோமி பழைய வைக்கோலை நீள வரிசையாப் பரப்பி வச்சா. செங்கமலம் புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு டிராக்டர்ல ஏறினா. மிஷின் சுத்த ஆரம்பிச்சுது. நாலு அடி போச்சு.

டப்.

டிராக்டர் ஓடுது. மிஷின் நின்னுடுச்சு.

டிராக்டரையும் மிஷினையும் சேக்குற தண்டுல ஒரு சின்ன போல்ட்டு உண்டு. அது ரெண்டு துண்டாக் கீழ கெடந்துச்சு.

"வேற போடுங்க," பிலோமி சொன்னா.

போட்டா. ஓட்டுனா. டப்.

"வேற போடுங்க."

மூணாவது தடவையும் டப்.

"இதெல்லாம் ஒரு போல்ட்டா? அப்பளம் தாங்கும் இதை விட! வெள்ளிக்கிழமை வயல்ல இப்படி ஒடைஞ்சா கலியமூர்த்தி அண்ணன் கை தட்டிச் சிரிப்பாரு. சங்கத்து செக்கரட்டரி வேலையே அவருக்கு அதானே. ஏ தங்கச்சி, நல்ல போல்ட்டா ஒண்ணு இல்லையா உங்கிட்ட?"

"இது நல்ல போல்ட்டுதான்க்கா. சாப்புட்டு வந்துடறேன்."

பிலோமி அந்தப் பக்கம் போனதும் செங்கமலம் இந்தப் பக்கம் போனா. பஸ் ஸ்டாப் பக்கத்துல இரும்புக்கடை.

"உலகத்துலயே ஒடையாத போல்ட்டு ஒண்ணு குடு."

கடைக்காரர் அளவு பாத்தார். உள்ள போய் எடுத்துட்டு வந்தார்.

"லாரிக்குப் போடுறது, அக்கா. இது ஒடையாது. லாரி வேணா ஒடையும்."

"அதான் வேணும்."

வந்து மாட்டுனா. ஓட்டுனா. மிஷின் ஒரு மாதிரி மொனகுச்சு. ஆனா நிக்கலை. பத்தடி, இருவதடி, முப்பதடி. பின்னால கதவு தொறந்து உருண்டையா ஒரு வைக்கோல் கட்டு வந்து விழுந்துச்சு.

செங்கமலம் சீட்டுல ஒக்காந்தபடியே விசிலடிச்சா.

பிலோமி திரும்பி வந்து கட்டைப் பாத்தா. தண்டைப் பாத்தா. போல்ட்டைப் பாத்தா.

"எப்படி?" செங்கமலம் கேட்டா. "குருவுக்கே தெரியாததைச் சிஷ்யை கண்டுபிடிச்சுட்டா, பாத்தியா?"

பிலோமி வேலியோரம் போனா. தொடை கனத்துக்கு ஒரு பூவரசங்கட்டை கெடந்துச்சு. இழுத்துட்டு வந்து வைக்கோல் வரிசைக்கு நடுவுல போட்டா.

"ஓட்டுங்கக்கா."

"கண்ணு தெரியலையா உனக்கு? கட்டையைக் கொண்டாந்து போடுற!"

"வயல்ல கட்டை கெடக்காதா?"

"கெடக்கும். அதுக்கு? உள்ள போனா மாட்டிக்கும்."

"மாட்டிக்கிட்டா?"

"டிராக்டர் சும்மா இருக்குமா? போட்டு முறுக்கும்."

"முறுக்குனா?"

"முறுக்குனா எதாவது ஒண்ணு ஒடையணும்ல!"

"எது ஒடையும்க்கா? போல்ட்டுதான் ஒடையாதே."

செங்கமலத்தோட கால் கிளச்சு மேலயே நின்னுடுச்சு.

மெதுவாத் திரும்பிப் பாத்தா. போல்ட்டுக்கு அடுத்து கியர்பாக்ஸ். அதுக்கடுத்து செயின். அதுக்கடுத்து மொத்த மிஷின். சங்கத்து மிஷின்.

சாவியைத் திருப்பி வண்டிய நிறுத்துனா. எறங்குனா. நேராப் போய்ப் பூவரசங்கட்டையை ஒரு ஒதை விட்டா. அது வேலி வரைக்கும் உருண்டு போச்சு. அப்புறம் ஸ்பேனரை எடுத்து லாரி போல்ட்டைக் கழட்டுனா. அப்பளத்தை எடுத்து மாட்டுனா.

திரும்ப ஓட்டுனா.

டப்.

இந்தத் தடவை காக்கா பறக்கலை. செங்கமலம் கத்தவே இல்ல.

சாவியை உருவி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. முதல் நாளே பிலோமி போட்ட சட்டம் அது: சாவி முந்தானையில இருந்தாத்தான் கை மிஷினுக்குள்ள போகலாம். அப்புறம் மண்ணுல மல்லாக்கப் படுத்து, மிஷினுக்கு அடியில தலையை விட்டா.

"ஏ பொண்ணே."

"என்னக்கா?"

"உள்ள ஒருத்தி சடை பின்னிக்கிட்டு ஒக்காந்திருக்கா."

உருளைக்குப் பின்னால, நின்னு பாத்தா தெரியவே தெரியாத எடம். போன வருசத்துச் சணலும் வைக்கோலும் தண்டைச் சுத்திச் சுத்தி இறுகி, கல்லு மாதிரி ஆகியிருந்துச்சு. நடுவுல எலி குடித்தனம் பண்ணிட்டுப் போன அடையாளம் வேற. கத்தியால அறுத்து அறுத்து இழுத்தா. ரெண்டு முழம் வந்துச்சு.

வெளிய வந்து அதைப் பிலோமி காலடியில போட்டா.

"இங்க தொடைக்கணும்னு நீ சொல்லவே இல்லையே!"

"நாலு தடவை சொன்னாங்களே."

"யாரு?"

"நீங்க அப்பளம்னீங்களே, அவங்க."

செங்கமலம் கொஞ்ச நேரம் பிலோமியையே மொறைச்சா. அப்புறம் தன்னையறியாம சிரிச்சுட்டா. தலை நெறைய வைக்கோல், மூக்குல கிரீஸ்.

புது அப்பளம் ஒண்ணை மாட்டி மறுபடி ஓட்டுனப்ப மிஷின் மொனகலை. பசு கன்னு போடுற மாதிரி ஒண்ணு ஒண்ணா கட்டு வந்து விழுந்துச்சு. பதினோரு கட்டு. அதே போல்ட்டு.

வியாழக்கிழமை மத்தியானம் கெளம்புற நேரம்.

செயினுக்கு எண்ணெய் ஆச்சு. சணல் உருண்டை ஏத்தியாச்சு. பல்லு அறுவத்தி நாலும் இருக்கு. கேக்காமலே எண்ணிட்டா.

"வயலுக்கு எத்தனை போல்ட்டு எடுத்துட்டுப் போகட்டும்?"

"பத்து இருந்தாப் போதும்க்கா." பிலோமி ஒரு துணிப் பையை நீட்டுனா.

செங்கமலம் பையை அவுத்து டிராக்டர் பானெட்டு மேல கொட்டி எண்ணுனா.

"ஒம்போதுதான் இருக்கு."

"பத்து இருக்கு."

திரும்ப எண்ணுனா. ஒம்போது. "என்னைப் பல்லு எண்ண வச்சுட்டு உனக்கே எண்ணத் தெரியலையா? ஒம்போது, தாயி, ஒம்போது!"

பிலோமி சிரிச்சுக்கிட்டே நின்னா.

போன் அடிச்சுது. கலியமூர்த்தி.

"ஏம்மா செங்கமலம், நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு மிஷினை வயல்ல எறக்கிடு. வெயிலுக்கு முன்னால பாதி வயலை முடிச்சுடணும். அப்பத்தான் வெளியூர் மிஷின்காரனுங்க வேலை கேட்டு எட்டிப் பாக்க மாட்டானுங்க."

அஞ்சரை மணி. தை மாசம். பனி எவ்வளவு எறங்கும்னு அவளுக்குத் தெரியும்.

செங்கமலம் வாயை இறுக்கி மூடிக்கிட்டா. சூடம் கண்ணுக்கு முன்னால வந்துச்சு. வெளியூர் டிரைவர் கையில சாவி தொங்குறதும் வந்துச்சு.

பானெட்டு மேல போல்ட்டு ஒம்போதும் வெயில்ல மின்னுச்சு.

"முடியாதுண்ணே," அவ சொன்னா. அவளுக்கே அவ குரல் புதுசா இருந்துச்சு. அவ்வளவு சின்னதா வந்துச்சு.

"என்னது?"

"பனி காயாம ஒரு துரும்பு உள்ள போகாது. வைக்கோலைக் கையால கசக்கிப் பாப்பேன். சலசலன்னு சத்தம் வந்தாத்தான் வண்டி நகரும்."

"ஏம்மா, சூடத்தை அணைச்சியே! வாயே தொறக்க மாட்டேன்னு!"

"அணைச்சேன். தெரியாம லாரி போல்ட்டைப் போட்டுட்டேண்ணே. கழட்டிட்டேன்."

"லாரியா? நான் என்ன கேக்குறேன், நீ என்ன சொல்ற?"

"கட்டு பூசணம் பூத்தா மாடு உங்களைப் பாத்து மூஞ்சியத் திருப்பாது. என்னைப் பாத்துத்தான் திருப்பும். சாவியை வேற ஆளுக்குக் குடுக்கணும்னா குடுத்துக்குங்க. பனியில கட்டுனா பக்கத்து ஊரு கதைதான் நமக்கும்."

அந்தப் பக்கம் கலியமூர்த்தி குரலை எறக்கிக்கிட்டார்.

"பனி எப்பம்மா காயும்?"

"ஒம்போதரை ஆகும்."

"சரி, ஒம்போதரைக்கே வா." போனை வைக்கப் போனவர் திரும்பக் கேட்டார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? நீ கத்தாமப் பேசுறது எனக்குப் பயமா இருக்கும்மா."

போனை மடியில செருகுனா செங்கமலம். மேல பாத்தா. காக்கா அதே கூரையில, அதே எடத்துல, றெக்கையைக் கோதிக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு.

பிலோமி பானெட்டைக் கையால தட்டுனா.

"இப்ப எண்ணிப் பாருங்கக்கா, உங்களையும் சேத்து."