அட இல்லாத ஈமெயில்

சின்னாளக்குடி பஸ் ஸ்டாண்டு மாடியில் மூன்று பேர் வெப்சைட் கம்பெனி வைத்திருந்தார்கள். ஏகாம்பரம், வீராச்சாமி, சொக்கன். மூவரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள்தான். கம்ப்யூட்டருக்குத்தான் அது இன்னும் தெரியாது.

கீழே அதிரசக் கடை நடத்தும் பவுனம்மாள் ஒருநாள் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, தீபாவளிக்குத் தன் ஆட்கள் எல்லோருக்கும் அதிரசம் கேட்டிருந்தது. ஆர்டரை வெப்சைட்டில்தான் போடுவார்களாம். சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் வேறு கடையாம். அவளோ இந்த ஆர்டரை நம்பி வெல்லத்தை மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டிருந்தாள்.

“தம்பிகளா, பக்கம் ரெஸ்பான்சிவா இருக்கணுமாம். பெரிய ஸ்கிரீனோ, சின்ன போனோ, அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கணும். அப்புறம், ஈமெயில்னா நடுவுல அட் இருக்கணும், புள்ளி இருக்கணும். இல்லாததை உள்ள விடாதீங்க. என் பொழப்பே இதுலதான் இருக்கு.”

அவள் இறங்கிப் போனதும் ஆலோசனை தொடங்கியது.

“ரெஸ்பான்ஸ்னா பதில்” என்றான், இங்கிலீஷ் தெரிந்த ஏகாம்பரம். “கூப்பிட்டா பக்கம் பதில் சொல்லணும்.”

வீராச்சாமி ஸ்கிரீனைப் பார்த்து, “ஏ பக்கம்!” என்று கூப்பிட்டான். பக்கம் வாயைத் திறக்கவில்லை.

“அதிரசப் படம் போட்டிருக்கோம்ல, வாயில வெச்சிருக்கும்” என்றான் சொக்கன்.

படத்தை எடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் பதில் இல்லை. கடைசியில் சொக்கனையே மானிட்டருக்குப் பின்னால் உட்காரவைத்து, யார் கூப்பிட்டாலும் “என்னங்க?” என்று கேட்கச் சொன்னார்கள். பெரிய ஸ்கிரீன் என்றால் உரக்க, போன் என்றால் மெதுவாக. கதை சொல்லும் எனக்கே அந்த ஏற்பாடு பிடித்துத்தான் இருந்தது.

அடுத்தது ஈமெயில்.

“அக்கா ‘அட்’னு சொன்னாங்களா, ‘அட’ன்னு சொன்னாங்களா?” என்றான் வீராச்சாமி.

“தமிழ்ல ‘அட்’னு ஒரு வார்த்தை ஏது? ‘அட’தான். அக்காவுக்கு மூச்சு வாங்குச்சு, பாதியில நின்னுபோச்சு” என்றான் ஏகாம்பரம்.

“அப்ப புள்ளி?”

“ட மேல புள்ளி வெச்சா மறுபடியும் ‘அட்’ ஆயிடுமே! புள்ளி வேண்டாம்.”

அட இல்லாத எந்த ஈமெயிலுக்கும் “அனுமதி இல்லை” என்று சிவப்பில் வரும்படி செய்தார்கள். அதை மட்டும் பிழையில்லாமல் செய்துவிட்டார்கள், அதுதான் கொடுமை.

சாயங்காலம் பனியன் கம்பெனி மேனேஜர் போன் செய்தார்.

“ஏங்க, என் ஈமெயிலை ஏத்துக்கவே மாட்டேங்குது?”

“அதுல அட இருக்கா சார்?” என்றான் ஏகாம்பரம்.

“என்னது?”

“அட இல்லாம உள்ள விட முடியாது சார். கண்டிஷன்.”

“அடப்பாவிகளா!”

“இருக்கே சார்! முதல்லயே சொல்லக் கூடாதா?”

அந்த ‘அடப்பாவிகளா’வை அவனே ஈமெயில் கட்டத்தில் தட்டினான். பச்சை டிக் விழுந்தது. மேனேஜர் வேறு கடையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பவுனம்மாள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். “ஆர்டர் என்னடா ஆச்சு?”

“ஈமெயில் வந்திருச்சுக்கா. சார்தான் வேற கடைக்குப் போயிட்டாரு.”

அவள் தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அடக் கடவுளே!”

ஏகாம்பரம் கீபோர்டை இழுத்து அதையும் தட்டினான். மறுபடியும் பச்சை டிக்.

“கவலைப்படாதீங்கக்கா, கடவுளும் ஆர்டர் போட்டுட்டாரு. அவருக்கு எத்தனை அதிரசம்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”