துடைக்கத் துடைக்க ஒட்டும் தரை

“அம்மா, துடைக்கத் துடைக்கத் தரை அழுக்காகுதுங்க,” என்றார் மாரப்பன்.

பூங்கொடி அம்மா கண் திறந்தார். தியானம் முடிந்து, மற்றவர்கள் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“எந்தத் தரை அண்ணா?”

“எங்க வீட்டு ஹால் தரைதாங்க. புதுசாப் போட்ட வினைல் தரை.”

“நான் மனசைப் பத்தி ஏதோ கேக்க வந்தீங்கன்னு நினைச்சேன்.”

“அது கிடக்கட்டுங்க. அதுக்கு அவசரமில்லை. இது ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகணும்.”

பூங்கொடி அம்மா தம் வீட்டு முன்னறையிலேயே பத்துப் பேருக்கு அமைதியாக உட்காரக் கற்றுக்கொடுப்பவர். மாரப்பனின் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஆனாலும் மாரப்பனுக்கு அவர் அம்மாதான்.

“ஞாயித்துக்கிழமை என்ன?”

“தங்கமணி வர்றா.”

மீதியை மாரப்பன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

தங்கமணி அவருடைய மனைவி. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து மகள் வீட்டில் இருக்கிறாள். கால் தேறிவிட்டது, தைரியமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குப் பயம்தான் தேறவில்லை. வீட்டு டைல்ஸ் வழுக்கும் என்பாள். அதனால் அவளுக்காகவே மாரப்பன் டைல்ஸின் மேல் வினைல் போட்டார். பார்க்க மரப்பலகை மாதிரி இருந்தது. காலுக்கு மெத்தென்று இருந்தது.

போன வாரம் அவள் வந்தாள். வருகிறாளே என்று மாரப்பன் காலையில் நன்றாகத் துடைத்து வைத்திருந்தார். ஈரம் காயுமுன் அவள் உள்ளே ஓர் அடி வைத்தாள். கால் சர்ரென்று போனது. விழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“மகளைப் பாத்து, ‘வண்டியைத் திருப்பு’ன்னா. அவ்வளவுதாங்க, போயிட்டா. ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை வந்து பாக்கறாளாம். சரிப்படலைன்னா மக வீட்டுலயே இருந்துக்கறாளாம்.”

“நீங்க?”

“நான் மெஸ்ஸுல சாப்பிட்டுக்கலாமாம்.”

“மெஸ் சாப்பாடு எப்படி?”

“அதை மட்டும் கேக்காதீங்க.”

பூங்கொடி அம்மா சிரிக்கவில்லை. “தரைக்கு என்னதான் ஆச்சு?” என்றார்.

“ஈரமா இருந்தா வழுக்குது. காஞ்சா காலை ஒட்டிப் புடிக்குது. தூசியெல்லாம் அதுல ஒட்டி, நடந்த இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாப் பாதம் விழுது. காலையில துடைச்சேன், போகலை. சாயங்காலமும் துடைச்சேன். தரை துடைக்கிற லோஷனைக் கூடுதலா ஊத்தினேன். அப்பவும் போகலை. எலுமிச்சை வாசனை வாங்கிப் பாத்தேன்.”

“எலுமிச்சைக்குக் கேட்டுச்சா?”

“கேக்கலைங்க. வினைல் சரக்கே மட்டம்னு நினைக்கிறேன். உரிச்சு எறிஞ்சுட்டு வேற போட்டுரலாமா?”

பூங்கொடி அம்மா எழுந்து, துண்டை உதறி மடித்தார்.

“வாங்க, போலாம்.”

“எங்கங்க?”

“உங்க வீட்டுக்கு.”

கதவைத் திறந்ததுமே எலுமிச்சை வாசனை முகத்தில் அடித்தது. பூங்கொடி அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தார்.

சப்.

இன்னோர் அடி. சப்.

“வாசனை நல்லா இருக்கு,” என்றார். “எப்பவும் துடைக்கிற மாதிரி துடைச்சுக் காட்டுங்க.”

மாரப்பன் பக்கெட்டில் தண்ணீர் பிடித்தார். லோஷன் பாட்டிலைத் திறந்து கவிழ்த்தார். குளுக் குளுக்கென்று அது பாட்டுக்கு இறங்கியது.

“இந்த மூடி எதுக்கு?”

“மூடி வைக்கத்தாங்க.”

பாட்டிலின் பின்பக்கம் ஒரு படம் இருந்தது. ஒரு பக்கெட்டும், அதன் பக்கத்தில் ஒரே ஒரு மூடியும். பூங்கொடி அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பாட்டிலைக் கீழே வைத்தார்.

“இதுக்கு முன்னாடி இருந்த வீட்டுல எப்படிக் கழுவுவீங்க?”

மாரப்பன் முகம் தெளிந்தது. இது அவருக்குத் தெரிந்த பாடம்.

“அது சிமெண்ட் தரைங்க. வெள்ளிக்கிழமை காலையில சோப்புத் தண்ணிய ஊத்தி, விளக்கமாத்துல நல்லாத் தேய்ப்பேன். அப்புறம் பக்கெட் பக்கெட்டா நல்ல தண்ணி அடிச்சு ஊத்தித் தள்ளிவிட்டா, மூலையில இருக்கிற ஓட்டை வழியா எல்லாம் வெளிய ஓடிரும்.”

“இங்க?”

“இங்க தண்ணி ஊத்தவே கூடாதுங்க. ஓரத்துல இறங்கினா பசை விட்டு உப்பிக்குமாம். போட்டவர் சொன்னாரு. அதனால தண்ணி ஊத்தறதை விட்டுட்டேன்.”

“சோப்பு?”

“அதை விடலைங்க,” என்றார் மாரப்பன், பெருமையாக.

பூங்கொடி அம்மா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினார். அதைத் தேய்த்துக் கழுவினார். துணியையும் குழாயடியில் பிடித்துக் கசக்கினார். பிழிந்த தண்ணீர் குழாய்த் தண்ணீரைப் போலவே தெளிவாக வரும்வரை விடவில்லை. பிறகு பக்கெட்டில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் பிடித்து, துணியை நனைத்து, சொட்டுச் சொட்டாமல் முறுக்கிப் பிழிந்து மாரப்பன் கையில் கொடுத்தார்.

“வாசப்படி ஓரமா, ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் துடைங்க.”

“வெறும் தண்ணியிலயா?”

“வெறும் தண்ணியில.”

“அழுக்குப் போகாதுங்களே.”

“போகாட்டிப் போகுது.”

மாரப்பன் அரைமனதாகத் துடைத்தார்.

“துணியை அலசுங்க.”

அவர் துணியைப் பக்கெட்டில் முக்கி அலசினார். தண்ணீரின் மேல் வெள்ளையாக ஏதோ எழும்பியது. இன்னொரு முறை அலசினார். அது விரல் உயரத்துக்கு ஏறிக்கொண்டது.

நுரை.

“பக்கெட்டுல ஒட்டிட்டு இருந்திருக்குங்க,” என்றார் மாரப்பன்.

“கொட்டிட்டு நீங்களே கழுவிப் பிடிங்க.”

அவரே கழுவினார். அவரே பிடித்தார். அதே இடத்தை மறுபடி துடைத்துவிட்டு அலசினார்.

மறுபடியும் நுரை.

“இதுல என்ன போட்டீங்க?” என்றார் பூங்கொடி அம்மா.

“ஒண்ணும் போடலைங்களே.”

“நானும் போடலை.”

மாரப்பன் பக்கெட்டைப் பார்த்தார். ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார். காலைத் துடைப்பையும் மாலைத் துடைப்பையும் நினைத்தார். அதிகமாக ஊற்றியதையும், எலுமிச்சை வாசனை தேடி மூன்று கடை ஏறி இறங்கியதையும் நினைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலும் சப்பென்று ஒரு சத்தம் வந்தது.

முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

“அப்போ இத்தனை நாளும் நான் துடைச்ச அழுக்கு...”

“எனக்குக் குடிக்கத் தண்ணி வேணும்,” என்று சமையலறைக்குப் போய்விட்டார் பூங்கொடி அம்மா.

நுரை வராமல் போகும்வரை மாரப்பன் அந்த இடத்தைத் துடைத்தார். கடைசியில் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தார். மங்கிக் கிடந்த இடத்தில் மரத்தின் வரிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அதன் மேல் வெறுங்காலை வைத்தார். ஒட்டவில்லை. தேய்த்துப் பார்த்தார். வழுக்கவில்லை.

“நல்ல சரக்குதாங்க இது.”

“நேத்தும் அது நல்ல சரக்குதான்.”

“இனிமே லோஷனே வேண்டாங்களா?”

“எப்பவாச்சும் ஒரு மூடி போடுங்க. போட்டதை வெறும் தண்ணியில மறுபடி எடுத்துடுங்க.” பூங்கொடி அம்மா செருப்பை மாட்டினார். “ஞாயித்துக்கிழமை வர்றேன். காபி உண்டா?”

“தங்கமணி இருந்தா உண்டு.”

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஹால் முழுவதும் அலசி எடுத்தாகிவிட்டது. அன்று காலை மாரப்பன் மண் துகள் கீறிவிடாமல் மெல்லிய துடைப்பத்தால் பெருக்கினார். பிழிந்த துணியால் ஒரு முறை துடைத்து, முழுக்கக் காயவும் விட்டார். பூங்கொடி அம்மா வந்து சுவர் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கார் வந்தது. தங்கமணி கைத்தடியோடு மெல்லப் படி ஏறிவந்து, வாசற்படியில் நின்றாள். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. தரையைப் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்த தரை மாதிரி இல்லையே என்று அவள் கண் சொன்னது. ஒரு கால் மெல்ல எழும்பியது.

“பாத்து,” என்றார் மாரப்பன்.

கால் நின்றது.

“பாத்து, பாத்து. குச்சியை ஊனிக்கோ. அந்தக் கால் இல்லை, இந்தக் கால். நான் புடிச்சுக்கவா? பாத்து. வழுக்குதா?”

“இன்னும் வைக்கவே இல்லைங்க,” என்றாள் தங்கமணி. கதவு நிலையை அவள் விரல்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தன. காலும் இருந்த இடத்துக்கே திரும்பிவிட்டது.

“அண்ணா,” என்றார் பூங்கொடி அம்மா, “அந்தப் பக்கெட்டைக் கொஞ்சம் கொண்டு வாங்க.”

மாரப்பன் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். காலையில் கடைசியாகத் துணி அலசிய தண்ணீர் அதில் இருந்தது.

“எங்கங்க வைக்க?”

“வைக்க வேண்டாம். கையில வச்சுக்கங்க.”

மாரப்பன் பக்கெட்டோடு நின்றார். தங்கமணியின் கால் மறுபடி எழும்பியது. அவருக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. ‘பா’ என்பது உதட்டுக்கே வந்துவிட்டது.

தற்செயலாகக் குனிந்தவர் பக்கெட்டைப் பார்த்தார். அடி தெரிந்தது. ஒரு குமிழிகூட இல்லை.

ஊற்றியது போதும் என்று வாயை மூடிக்கொண்டார்.

தங்கமணி அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

காலை வைத்தாள்.

சத்தமே இல்லை.

அடுத்த காலையும் வைத்தாள். கை கதவு நிலையை விட்டது. ஹாலின் நடுவுக்கு வந்து, ஒரு நொடி நின்று, அங்கிருந்து சமையலறைக்கு நடந்தாள். கைத்தடி மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் அதுவும் கேட்கவில்லை. பால் பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது.

“ஏனுங்க,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “உடம்பு கிடம்பு சரியில்லையா? ஒரு வார்த்தையும் பேசக் காணோம்.”

மாரப்பன் பக்கெட்டைக் கீழே வைத்தார்.

“ஒண்ணுமில்லை தங்கமணி,” என்றார். “அலசியாச்சு.”