சிஸ்டரம்மா கேட்டு வாங்கின அழுக்கு

சத்தியம் கண்ணு, சத்தியம்! இப்ப சொல்லப்போறதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும் இந்த மீசை மொத்தமா உதிர்ந்து உன் தலகாணியில விழட்டும். இழுத்துப் பாரு. விழுந்துச்சா? இல்லல்ல? அப்போ நிசம்தான். கண்ணை மூடிக்கோ, ம் மட்டும் கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு தெரு. தெரு முழுக்கக் கலர் மீன் கடை. அப்போல்லாம் அங்க கோழி கூவிப் பொழுது விடியாது. அத்தனை கடையிலயும் தொட்டிக்குக் காத்து விடற மோட்டார் ஓடும், குர்ர்ர்ர்னு. அந்தச் சத்தத்துல எழுந்திரிச்சு அந்தச் சத்தத்துலயே தூங்கின தெரு அது. கரண்டு போச்சுன்னா, தொட்டில்ல இருக்கற புள்ளைங்க எல்லாம் ஒரே நேரத்துல முழிச்சு வீல்னு கத்தும். அந்த மாதிரித் தெரு இப்ப எங்க இருக்கு? ம்?

"ம்."

அந்தத் தெருக் கோடியில ஜெசிந்தா சிஸ்டர்னு ஒரு அம்மா. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸா முப்பத்தெட்டு வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவங்க. சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். அவங்க வீட்டுத் தரையில எறும்பு நடந்தா வழுக்கி விழுந்து கால் முறிஞ்சிடும். சிஸ்டரே அதுக்கு மாவுக்கட்டுப் போட்டு வாசல்ல விடுவாங்க. கொசு வந்தா படியில நின்னு ஆறு காலையும் கழுவும். அப்பவும் உள்ள வரத் தைரியம் வராம திரும்பிப் போயிடும்.

ரிட்டயர் ஆன அன்னிக்கு எல்லாருக்கும் குடுக்கற மாதிரி கடிகாரம் குடுக்கல அவங்களுக்கு. ஆராய்ச்சி பண்ற ஒரு சின்ன டாக்டர் கண்ணாடி ஜாடியில ஒண்ணைக் கொண்டாந்து குடுத்தாரு. மீனும் இல்ல, பல்லியும் இல்ல. ரோஸ் கலர் உடம்பு, நாலு குட்டிக் காலு, கழுத்துக்கு ரெண்டு பக்கமும் சிவப்பு இறகு மாதிரி மூணு மூணு செவுள். பேரு ஆக்சலாட்டல். அதை முழுசாச் சொல்ல அந்தத் தெருவுல யாருக்கும் பொறுமை இல்ல. எப்பப் பார்த்தாலும் வாயை அகட்டிச் சிரிக்கிற மூஞ்சி. அதனால சிஸ்டர் 'சிரிப்பாண்டி'ன்னு பேரு வெச்சாங்க.

"சிஸ்டர், இதுக்குக் காலு போனா மறுபடி முளைக்கும்"னு டாக்டர் சொன்னாரு. சிஸ்டர் ஜாடியை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாங்க. முப்பத்தெட்டு வருஷத்துல எத்தனை பேரோட காலை ட்ரேயில ஏந்தியிருக்காங்க! ஒண்ணுகூட முளைக்கலையே. அன்னியிலேர்ந்து சாயங்காலமானா தொட்டி முன்னாடி ஸ்டூலைப் போட்டுக்கிட்டு, பொழைச்சவங்க கதை, போனவங்க கதை எல்லாம் அதுகிட்ட சொல்லுவாங்க. கேக்க வேற யாரு இருக்கா?

அப்புறம் ஒரு சித்திரை மாசம் சிரிப்பாண்டி புழுவைத் திங்கல. செவுள் வெளுத்து முன்பக்கமா சுருண்டுக்கிச்சு. மூஞ்சி மட்டும் சிரிக்குது! நோயாளி மூஞ்சியைப் பார்த்தே ஜுரம் எத்தனைன்னு சொல்றவங்க சிஸ்டர். இவன் மூஞ்சியில என்னத்தைப் பார்க்கறது?

"கிருமிதான்"னு முடிவு பண்ணினாங்க.

வாராவாரம் தொட்டியைக் கழுவறவங்க, அன்னிக்குத் தண்ணி மொத்தத்தையும் சளார்னு கொட்டிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு சரக் சரக்னு தேய்ச்சாங்க. குழாய்த் தண்ணியப் புதுசா ரொப்பினாங்க. சிரிப்பாண்டி வயிறு சிவந்து போச்சு.

அப்புறம் தண்ணிய வடிகட்டற ஸ்பாஞ்சை எடுத்துக் குக்கர்ல வெச்சாங்க. உஸ்ஸ்ஸ்! மூணு விசில். சிரிப்பாண்டி ஒருக்களிச்சுச் சாய்ஞ்சான்.

அப்புறம் வெயில்தான் காரணமோன்னு பார் ஐஸை வாங்கி, டொக்கு டொக்குன்னு உடைச்சு, கவர்ல கட்டி மிதக்க விட்டாங்க. தண்ணி குளுந்துச்சு. அடியில நடக்கறவன் பொசுக்குனு மேல வந்து மிதந்தான்.

"செத்துட்டானா?"

இரு இரு. மூச்சு இருக்கு. ம் கொட்டு.

"ம்."

சிஸ்டர் கைபட்ட ஒரு தையலும் சீழ் பிடிச்சதில்ல. இப்ப வீட்டுல இருக்கற ஒரே உசுரு கண்ணு முன்னாடி போகுது. அந்தத் தெருவுல இதுக்கு வழி தெரிஞ்ச ஆளு ஒருத்தன்தான், கலர் மீன் ஏகாம்பரம். அவன்கூடத்தான் மூணு வருஷமாப் பேச்சு இல்ல. அவன் கடைத் தண்ணி வாசல்ல ஓடுதுன்னு சிஸ்டர் சுகாதார ஆபீசருக்கு எழுதிப் போட்டாங்க. அவன் என்ன பண்ணினான் தெரியுமா? தன் கிளிக்கு 'பிளீச்சிங் பவுடர், பிளீச்சிங் பவுடர்'னு சொல்லக் கத்துக் குடுத்து வாசல்ல தொங்க விட்டுட்டான்.

சிஸ்டர் போனாங்க. கிளி கத்துச்சு, "பிளீச்சிங் பவுடர்!"

"வாங்க வாங்க," ஏகாம்பரம் எந்திரிக்கவே இல்ல. "இன்னிக்கு எந்த ஆபீசருக்கு லெட்டர்?"

"லெட்டர் இல்லப்பா. என் புள்ள மிதக்கறான்."

அவன் கிண்டல் அங்கயே நின்னு போச்சு. எந்திரிச்சு லுங்கியில கையைத் துடைச்சான். "தண்ணி எப்படி இருக்கு?"

"பளிங்கு மாதிரி."

"தொட்டி?"

"வாராவாரம் கழுவறதுதான். இந்தத் தடவை பிளீச்சிங் போட்டுத் தேய்ச்சிருக்கேன்."

"ஸ்பாஞ்சு?"

"குக்கர்ல மூணு விசில்."

ஏகாம்பரம் தலையில கைய வெச்சுக்கிட்டான். "ஐயையோ சிஸ்டரம்மா! அவன் கழிவுல இருக்கற விஷத்தைத் தின்னு தீர்க்கறதுக்குன்னே ஒரு கூட்டம் அந்த ஸ்பாஞ்சுலதானே குடியிருக்கும்? கண்ணுக்கே தெரியாது. வாராவாரம் வீட்டைக் காலி பண்ண வெச்சீங்க, இப்ப குடும்பத்தோட வேக வெச்சிட்டீங்களே!"

"அது கிருமி இல்லையா?"

"கிருமிதான். வேலை செய்யற கிருமி."

சிஸ்டர் கொஞ்ச நேரம் அவன் கடைத் தொட்டிங்களைப் பார்த்தாங்க. வழவழன்னு பாசி. உள்ள மீனெல்லாம் கல்யாண வீட்டுப் புள்ளைங்க மாதிரி ஓடுதுங்க. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க:

"ஏகாம்பரம், எனக்குக் கொஞ்சம் அழுக்கு குடுப்பா."

தெருவே வாயைப் பொளந்துடுச்சு. தோசையைத் திருப்பப் போன டீக்கடைக்காரர் கரண்டிய அப்படியே பிடிச்சுட்டு நின்னாரு. கிளி அன்னியிலேர்ந்து மூணு மாசம் பேசல.

ஏகாம்பரம் ஒரு பழைய தொட்டியிலேர்ந்து ஸ்பாஞ்சைப் பிழியாம தூக்கினான். பன்னெண்டு வருஷத்து ஸ்பாஞ்சு, கன்னங்கரேல்னு, சொட் சொட்னு. சிஸ்டர் பையிலேர்ந்து கையுறைய எடுத்தாங்க.

"அதெல்லாம் ஆகாது. வெறுங்கையில பிடிங்க. கழுவக் கூடாது, காயக் கூடாது, ஓடுங்க!"

ஓடினாங்க கண்ணு! வெள்ளைப் புடவை, அதுல கறுப்புத் தண்ணி ஒழுகுது, தடதடதடன்னு ஓட்டம். பின்னாலயே ஏகாம்பரம், ரெண்டு நாளா டிரம்முல திறந்து வெச்சு குளோரின் வாடை போன தண்ணிய ரெண்டு குடத்துல தூக்கிக்கிட்டு. குழாய்த் தண்ணியக் கொட்டிட்டு இந்தத் தண்ணிய ஊத்தி, தொட்டியில ஸ்பாஞ்சைப் போட்டாங்க. சிரிப்பாண்டிய மட்டும் தனியா ஒரு டப்புல விட்டு, தினமும் அந்த ஆற வெச்ச தண்ணிய மாத்தி, பழசுல ஒரு சொம்பு தொட்டியில ஊத்தச் சொன்னான், ஸ்பாஞ்சுல இருக்கறவங்களுக்குச் சாப்பாடா. "மத்தபடி தொட்டிப் பக்கம் உங்க கை போகக் கூடாது. நான் சொல்ற வரைக்கும்."

முதல் வாரம் கண்ணாடியில லேசா வழுவழுப்பு படிஞ்சுது. சிஸ்டர் கை நமநமன்னுச்சு. அடக்க முடியாம பித்தளை அண்டாவைத் தேய்ச்சாங்க. தேய்ச்சுத் தேய்ச்சு அது சொம்பாயிடுச்சு! ஏகாம்பரம் வந்து தொட்டித் தண்ணியக் கொஞ்சம் சீசாவுல மொண்டு, சோதிக்கற மருந்து ரெண்டு சொட்டு விட்டான். பச்சையாச்சு. "விஷம் இருக்கு. தீர்ந்தா மஞ்சளா நிக்கும்."

ரெண்டாவது வாரம் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. டப்புல சிரிப்பாண்டி அசையறானா, இல்லையான்னு பார்க்கறதே வேலை. ரெண்டு சொட்டு. இளம்பச்சை. "இன்னும் இருக்கு."

மூணாவது வாரம் ரெண்டு சொட்டு. ரெண்டு பேரும் குனிஞ்சு பார்த்தாங்க. மஞ்சள். மஞ்சளாவே நின்னுச்சு.

"குடியேறிட்டாங்க சிஸ்டரம்மா," அப்படீன்னான்.

சிரிப்பாண்டியத் தொட்டியில விட்டாங்க. ப்ளக். மெல்ல மெல்ல அடிக்குப் போனான். நாலு காலையும் மணல்ல ஊணினான். செவுள் ஒரு தரம் சிலிர்த்துச்சு. சிஸ்டர் இடுக்கியில ஒரு புழுவைப் பிடிச்சு நீட்டினாங்க. பார்த்தான். பார்த்துட்டே இருந்தான். அப்புறம்...

லபக்!

தியேட்டர்ல ஒரு நாளும் அழாத சிஸ்டர், அங்க நின்னு ஓன்னு அழுதாங்க. அழுதுக்கிட்டே, ஈரக் கை சொட்டச் சொட்ட நின்ன ஏகாம்பரத்துக்கு நாற்காலிய இழுத்துப் போட்டு, "உட்காருப்பா, காபி போடறேன்"னாங்க.

அதுக்கு அப்புறம் அந்தத் தெருவுல யாரு புதுசாத் தொட்டி வாங்கினாலும் முதல்ல சிஸ்டர் வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாங்க. "சிஸ்டரம்மா, ஒரு துண்டு அழுக்கு குடுங்க." அவங்க தியேட்டர் கத்திரியால அந்தக் கறுப்பு ஸ்பாஞ்சுல கட்டைவிரல் அளவு நறுக்கி, ஈரத் துணியில சுத்திக் கையில வெச்சு, "போற வழியில கழுவித் தொலைச்சுடாதே!"ன்னு மிரட்டி அனுப்புவாங்க. எத்தனையோ வீட்டு மீனு அதுல பொழைச்சுது.

ம்? ம் சத்தமே காணோமே. சரி சரி, கதை கரையேறிடுச்சு, நீ கனவுக்குள்ள இறங்கு. ஒண்ணே ஒண்ணு. சிஸ்டரம்மா அழுக்கு கேட்டதைத் தெருவை விட்டு வெளியில விடறதில்லன்னு அந்தத் தெருவே, நானும் சேர்த்து, அன்னிக்கு வாக்குக் குடுத்திருக்கு. அதனால காலையில யாராவது கேட்டா, தூக்கத்துல யாரோ சொன்னாங்கன்னு சொல்லிடு. என் பேரை மட்டும் எடுத்துடாதே.