சுவர்க்கோழி வாயை மூடிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில், பூச்சியும் மனிதனும் ஒரே பேச்சைப் பேசி வந்தபோது, மலையடியில் ஒரு கோட்டை இருந்தது. யாரும் தன் வீட்டில் ரொட்டி சுடக்கூடாது என்பது கோட்டையின் உத்தரவு. விதைத்தவர்களும் அறுத்தவர்களும் மாவைச் சுமந்துபோய்க் கோட்டை அடுப்பில் கொடுக்க வேண்டும். வெந்ததில் பெரும்பங்கைக் கோட்டை எடுத்துக்கொள்ளும். மீந்தது வீட்டுக்கு வரும்போது ஆறிக் கல்லாகியிருக்கும். இதற்கு ஊரைக் காப்பது என்று பெயர் வைத்திருந்தார்கள்.

உத்தரவை மீறுகிறவர்களைப் பிடிக்க ஓர் உடும்பு இருந்தது. அந்தக் காலத்து உடும்பு ஆள் நீளம் இருக்கும். நடந்தால் சருகுகூட அசையாது. பிளந்த நாக்கை நீட்டிக் காற்றை நக்கி, எந்த வீட்டில் மாவு புளிக்கிறது என்று சொல்லிவிடும். மாவு பிசைந்தவரின் மணிக்கட்டில் வாலைச் சுற்றி இழுத்துப் போகும். போனவர் எவரும் திரும்பியதில்லை.

ஆனாலும் சடைச்சி தன் வீட்டில் ரொட்டி சுட்டாள். மாட்டுக்கொட்டகைச் சுவரை ஒட்டி, குகை வாய் போல ஒரு மண் அடுப்பு. மாட்டுக்குக் கொசு விரட்ட மூட்டம் போடும் அந்தி நேரத்தில்தான் அதை மூட்டுவாள். மூட்டப் புகையில் அடுப்புப் புகை கலந்துவிடும். வாசனைக்குத்தான் வழியில்லை. அதனால் ஒரு காவல் வேண்டியிருந்தது.

காவல் இருந்தது அந்தச் சுவர் விரிசலில் குடியிருந்த சுவர்க்கோழிப் பூச்சி. அதற்குக் காது முன்னங்காலில். மண் அதிர்ந்தால் போதும், உடும்பு வருவது தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் அது வாயால்தான் பாடும்.

“ஆபத்துன்னா நான் கத்த மாட்டேன் அக்கா” என்று முதல் நாளே சொல்லியிருந்தது. “கத்தினா அதுக்கும் கேட்கும். நான் பாடிக்கிட்டே இருப்பேன். பாட்டு நின்னா நெருப்பை அணைச்சிரு. சத்தம் நிக்கிறது, காத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் கேட்கும்.”

இரண்டு முறை பாட்டு நின்றது. இரண்டு முறையும் சடைச்சி ஈரச்சாக்கால் அடுப்பை மூடி, மேலே வறட்டியை அடுக்கினாள். உடும்பு வந்து, நாக்கை நீட்டிப் பார்த்து, சாண வாடை மட்டுமே கண்டு போனது.

பிறகு ஓர் அந்தி. சடைச்சியின் ஒரே மகள் பொன்னுருவியை மறுநாள் விடிந்ததும் மலைக்கு அப்பால் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அன்றைய சோறுதான் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் கடைசிச் சோறு. “எம்மக கோட்டை ரொட்டியத் தின்னுட்டுப் போகக்கூடாது” என்றான் அவள் கணவன் மாரப்பன். சடைச்சி கோதுமை மாவில் கள் ஊற்றிப் பிசைந்து, பொங்கியதும் உள்ளங்கையளவு உருண்டைகளாக உருட்டினாள்.

முதல் ஈட்டில் ஒன்று மட்டும் முன்னதாகவே சிவந்துவிட்டது. அதை எடுத்து விண்டு, ஒரு துண்டைச் சுவர் விரிசலில் வைத்தாள். “நீயும் தின்னு. நீயும் இந்த வீட்டு ஆளுதானே.”

பாட்டு நின்றது.

சடைச்சி சாக்கைத் தேடி ஓடினாள். பொன்னுருவி குடத்து நீரை அப்படியே அடுப்பில் கொட்டினாள். உள்ளே இருந்த ரொட்டியெல்லாம் சேறாகிவிட்டது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விரிசலிலிருந்து ஒரு சின்னக் குரல்: “தின்னுக்கிட்டு இருந்தேன் அக்கா. வாய் ஒண்ணுதானே இருக்கு.”

மாரப்பன் வயிறு குலுங்கச் சிரித்தான். “நல்ல காவக்காரன்டா நீ. கவளத்தைக் கண்டதும் கோட்டையை மறந்துட்டே.”

சுவர்க்கோழி கூசிப்போனது. “இனி அடுப்பு எரியிற வரைக்கும் எனக்கு ஒரு துணுக்கும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு மறுபடி பாடத் தொடங்கியது. மாரப்பன் விடவில்லை. “ரோசத்தைப் பாரு” என்று இன்னொரு துண்டை விரிசலில் வைத்தான்.

மீதி மாவில் ஆறு உருண்டை தேறியது. ஈரத்தை வழித்துவிட்டு, காய்ந்த சுள்ளி போட்டு மூட்டினார்கள். ரொட்டி பொங்கி, மேல்தோல் சிவக்கத் தொடங்கியது. கொட்டகை முழுக்க மணத்தது.

பாட்டு நின்றது.

சடைச்சி ஈரச்சாக்கை எடுத்தாள்.

“விடு புள்ளே” என்றான் மாரப்பன். “தின்னுது.”

“வேண்டாம்னு சொல்லிச்சுங்க.”

“சொல்லும். இந்த மணத்தை விட்டுட்டு இருக்க யாருக்கு மனசு வரும்? இன்னொரு தடவை அணைச்சா இவ வெறும் வயித்தோடதான் போகணும்.”

சடைச்சியின் கை பாதியில் நின்றது. கொட்டகையில் சத்தமே இல்லை. மாடுகூட அசை போடுவதை நிறுத்தியிருந்தது. அடுப்பு வெளிச்சம் சுவரில் விழுந்தது. அவள் விரிசலைப் பார்த்தாள். மாரப்பன் வைத்த துண்டு வைத்தபடியே இருந்தது. ஓர் ஓரம்கூடக் கொறிக்கப்படவில்லை.

அவள் வாய் திறப்பதற்குள் வாசல் படல் இடுக்கில் பிளந்த நாக்கு ஒன்று நீண்டு, காற்றை நக்கியது.

“நல்லா பொங்கியிருக்கு” என்றது உடும்பு, மெதுவாக. “யாரு பிசைஞ்சது?”

சடைச்சியின் மணிக்கட்டு வரை மாவு ஒட்டிக் காய்ந்திருந்தது. கையை முந்தானையில் மறைத்தாள். மறைத்தும் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். உடும்பு அவள் பக்கம் நகர்ந்தது.

அதன் முதுகுக்குப் பின்னால் மாரப்பன் அடிமாவு ஒட்டியிருந்த சட்டிக்குள் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டுத் துழாவி எடுத்தான். “நான்தான்” என்றான்.

உடும்பு அவன் கையை நக்கிப் பார்த்தது. வால் சுற்றியது. அதன் பிடி விடாத பிடி. வாசலில் அவன் ஒருமுறை திரும்பி, “கருகிடப் போகுது, எடு” என்றான். அவ்வளவுதான். அவனும் திரும்பி வரவில்லை.

சடைச்சி ஆறு ரொட்டியையும் எடுத்தாள். தாயும் மகளும் அழுதுகொண்டே தின்றார்கள்.

“நான் சொன்னேனே அக்கா” என்றது விரிசலில் இருந்த குரல்.

“நீ சொன்னே. நாங்கதான் கேக்கலை” என்றாள் சடைச்சி. “வாய்க்குத் திங்கிற வேலை இருக்கிற வரைக்கும், அதை யாரும் நம்பப் போறதில்லை.”

சுவர்க்கோழி வாயை மூடிக்கொண்டது. பிறகு ஓர் இறகை மற்றொன்றின்மேல் வைத்து உரசியது. வலித்திருக்கும். ஆனாலும் நிறுத்தவில்லை.

அன்று முதல்தான் சுவர்க்கோழி வாய் திறந்து பாடுவதில்லை, இறகை உரசியே பாடுகிறது; அடுப்போரச் சுவரை விட்டு அகலாமல், எந்தக் காலடி நெருங்கினாலும், நம்முடையதே ஆனாலும், சட்டென்று நிறுத்திவிடுகிறது; அது நின்ற கணத்தில், மாவு பிசையும் கைகளும் ஏனென்று தெரியாமலே நின்றுபோகின்றன.