ஐந்து முத்திரையும் கரைவிளக்கும்

முன்னொரு காலத்தில் கடலோரமாக ஒரு நாடு இருந்தது. எந்தக் காலம், எந்தக் கடல் என்று என்னைக் குடையாதீர்கள். எனக்குச் சொன்னவர்களும் அதைச் சொல்லவில்லை. அந்த நாட்டு அரசனுக்கு ஒரு வினோத ஆசை உண்டு. நடக்காத காரியம் ஒன்றை யார் தலையிலாவது கட்டிவிட்டு, அவன் திண்டாடுவதை வெற்றிலை மென்றபடி வேடிக்கை பார்க்க வேண்டும். பெரும்பாலும் அந்தத் தலை விகடன் பூவணனுடையதாக இருக்கும்.

அவையில் எல்லோரையும் சிரிக்க வைக்கும் பூவணன், தன் வீட்டில் சிரித்து நான்கு வருடம் ஆகிறது. அப்போது ஒருநாள் அவன் அவையில் தன் தம்பி வேம்பனைப் போல நடந்து காட்டினான். வேம்பனுக்கு இடது கால் சற்று இழுத்து விழும். அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்த வேம்பன் தூணோரம் நின்று அதை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தான். சோற்றை வைத்துவிட்டுப் போனவன், அந்த வாரமே கிழக்கே போகும் மரக்கலத்தில் ஏறிவிட்டான்.

கீழைக்காற்று தொடங்கினால் கிழக்கே போனவர்கள் கரை திரும்புவார்கள். துறைக்கு வெளியே, தண்ணீருக்குச் சற்றுக் கீழே, முதலைப்பாறை கிடந்தது. இருட்டிலோ மூடுபனியிலோ வந்த கலங்கள் எத்தனையோ அதில் மோதி நொறுங்கியிருந்தன. ஒவ்வொரு காற்றுக்கும் பூவணன் கரையில் போய் நிற்பான். தம்பி வரவேண்டும் என்று ஏங்குவான். வந்தால் அந்தப் பாறையில் மோதிவிடுவானோ என்று பயப்படுவான். இரண்டும் ஒரே நெஞ்சில் கிடந்து அவனைப் பாடாய்ப் படுத்தின.

மீனவத் தெருவில் செவத்தாயி என்று ஒருத்தி. அவள் புருஷனும் வேம்பன் ஏறிய அதே கலத்தில் போனவன். அவள்தான் யோசனை சொன்னாள். "கரை மேட்டுல ஒரு வெளக்குத் தூண் கட்டணும், அண்ணே. சந்தைத் திடல்ல நீங்க ஒருநா கூத்து ஆடுங்க. பாக்க வர்றவுக ஆளுக்கு ஒரு கல்லு, ஒரு கரண்டி எண்ணெய் கொண்டாரட்டும். காத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு."

பொது இடத்தில் தருமத்துக்கு எதை வாங்குவதானாலும் ஊர்ச் சபையைக் கேட்க வேண்டும். சபையில் ஐந்து பேர். அவர்கள் 'சரி' என்றாலும் 'கூடாது' என்றாலும் ஓலையில் ஐந்து அரக்கு முத்திரையும் விழுந்தால்தான் அது சபையின் சொல். பின்னால் வம்பு ஏதாவது வந்தால் முதல் முத்திரை வைத்தவர் பதில் சொல்ல வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. அப்புறம் என்ன? ஐவரும் இரண்டாவது முத்திரை வைப்பதற்கு எந்நேரமும் தயாராக இருந்தார்கள்.

"நான் மாட்டேன் என்றேனா? அவர் வைக்கட்டும், மறு நொடியே வைக்கிறேன்" என்றார் ஒருவர். அந்த அவரோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர் அமாவாசை கழியட்டும் என்றார். சபைத் தலைவர் அடைக்கலங்காத்தார் பூவணனின் விண்ணப்பத்தை வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். அரசன் தன் பேச்சுக்குக் கொட்டாவி விடுகிறான், பூவணன் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறான் என்று அவருக்கு வெகுநாள் எரிச்சல். நடையாய் நடந்து ஒன்றரை மாதம் போயிற்று.

வேறு வழியில்லாமல் பூவணன் அரசனிடம் முறையிட்டான்.

"ஊர்க் காரியத்தில் தலையிடுவதில்லை என்பது நம் வழக்கம்" என்றான் அரசன். சொல்லும்போதே அவன் கண்ணில் அந்தக் குறும்பு ஆசை தெரிந்தது. "ஆகவே கேள், பூவணா. சபை கூடாது என்று சொன்ன எதையும் நீ செய்யலாகாது. சபைக்கு நாமும் ஒரு சொல் சொல்ல மாட்டோம். வரும் வெள்ளிக்குள் உன் கூத்து நடந்தால் நாமே வந்து காண்போம். நடவாவிட்டால் இந்த விளக்குப் பேச்சை இனி இந்த அவையில் எடுக்கக் கூடாது."

"மகாராஜாவின் தீர்ப்பு நியாயமானது" என்று அடைக்கலங்காத்தார் முந்திக்கொண்டு சொன்னார். அவருக்கு அப்போதே பாதி விருந்து சாப்பிட்ட திருப்தி.

வெள்ளிக்கிழமை காலை சந்தைத் திடலில் பறை முழங்கியது. பூவணன் காலில் சலங்கை கட்டி இறங்கிவிட்டான். ஊர் திரண்டது. தலையில் கல், கையில் எண்ணெய்க் கரண்டி. அரசன் பல்லக்கில் வந்து இறங்கினான். பின்னாலேயே வேர்க்க விறுவிறுக்கச் சபையோர் ஐவரும் வந்தார்கள்.

"நிறுத்து! அனுமதி இல்லாத வசூல் இது. கூடாது!" என்று கத்தினார் அடைக்கலங்காத்தார்.

பூவணன் உடனே ஆட்டத்தை நிறுத்திக் கைகட்டி நின்றான். "உத்தரவு ஐயா. ஒரே ஒரு சந்தேகம். கூடாது என்பது ஐயாவின் சொல்லா, சபையின் சொல்லா? சபையின் சொல் என்றால் ஐந்து முத்திரையோடு ஓலை இருக்குமே. அதைக் காட்டுங்கள், இந்த நொடியே சலங்கையைக் கழற்றுகிறேன்."

"இப்போதே எழுதுகிறேன்!" அடைக்கலங்காத்தார் ஓலையைப் பிடுங்கி எழுதினார். பூவணனே பணிவாக அரக்கை உருக்கிக் கொண்டுவந்து நீட்டினான். தலைவர் முத்திரை மோதிரத்தை ஓங்கினார். செவத்தாயி முன்னால் வந்து அவர் விரலையே பார்த்தாள்.

"மொத முத்திரை யாருதுன்னு பாத்து வச்சுக்கிறேன், ஐயா. இந்தக் காத்துல எங்க ஆளுக படகு ஒடைஞ்சா, நாங்க யாரு வீட்டு வாசல்ல வந்து அழணும்னு தெரியணும்ல?"

ஓங்கிய விரல் அப்படியே நின்றது. "வயதில் மூத்தவர் தொடங்கட்டும்" என்றார் தலைவர். மூத்தவர் தனக்குக் கண் தெரியவில்லை என்றார். மூன்றாமவர் மோதிரத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக் கையைப் பின்னால் மறைத்தார். அரக்கு ஆறியது. பூவணன் மறுபடி உருக்கிக் கொண்டுவந்தான். அதுவும் ஆறியது. இப்படி ஏழு தடவை. உருக்கும் இடைவெளியில் அவன் சும்மா இருக்கவில்லை, ஆடினான். ஜனங்கள் கல்லை இறக்கி வைத்து எண்ணெயைக் குடத்தில் ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். பொழுது சாயும் முன் கல் ஒரு குன்றாகக் குவிந்துவிட்டது. ஓலையில் ஒரு முத்திரைகூட விழவில்லை.

அரசன் பல்லக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துப் பூவணனுக்குப் போர்த்தினான். "வேறென்ன வேண்டும், கேள்."

பூவணன் வாயில் அன்று வேடிக்கை வரவில்லை. "காற்று வீசும் மாதங்களில் எனக்கு அவை வேண்டாம், மகாராஜா. விளக்கு பார்க்கும் வேலையைத் தாருங்கள். என் தம்பி கடலில் இருக்கிறான். அவனை நான்தான் துரத்தினேன்."

அரசன் சால்வையை அவன் தோளில் இழுத்துவிட்டான். "அந்த மாதங்களில் நம்மைச் சிரிக்க வைப்பது யார்?" என்று மெல்லக் கேட்டான்.

"தலைவர் இருக்கிறாரே, மகாராஜா. இன்று என்னைவிட நன்றாகவே செய்தார்."

அரசன் மறுபடி சிரித்தான். அடைக்கலங்காத்தாரும் வேறு வழியின்றிச் சிரித்தார். இந்த மாதிரிக் கதைகளை இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். எனக்கு மனம் வரவில்லை.

காற்று மாறுமுன் ஊர் கூடி மேட்டில் தூணை எழுப்பியது; விளக்கு பார்க்கும் வேலை பூவணனுக்கே கிடைத்தது. காற்று மாறிய எட்டாம் நாள், விடியலின் மூடுபனியில், வேம்பன் ஏறிப்போன அந்தக் கலமே முதலாவதாக விளக்கைப் பார்த்துப் பாறையை விலகிக் கரை சேர்ந்தது. செவத்தாயி அலையில் இறங்கி ஓடித் தன் புருஷனைக் கட்டிக்கொண்டாள். பூவணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசி ஆளும் இறங்கினான். வேம்பன் இல்லை. கிழக்கே ஏதோ ஒரு துறையில் இறங்கிக்கொண்டான் என்றார்கள். எந்தத் துறை என்று யாருக்கும் நிச்சயமில்லை.

சுக்கான் பிடித்த கிழவர் பூவணன் நிற்கும் நிற்பைப் பார்த்தார். "காத்து திரும்புனதும் மறுபடி அந்தப் பக்கம்தான் போறேன், தம்பி. போற தொறையெல்லாம் கேக்குறேன். இங்க வெளக்கு எரியுது, பயமில்லாம வரலாம்னு சொன்னாப் போதுமா?"

பூவணன் மேட்டு விளக்கைத் திரும்பிப் பார்த்தான்.

"அதை ஏத்துறது அண்ணன்தான்னும் சொல்லுங்க" என்றான்.