அணைக்காத ஜீப்

"டீச்சர், வண்டியை ஆஃப் பண்ணாமலே பார்க்க முடியுமா?"

செங்கோடன் வந்ததும் கேட்டது இதைத்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவனுக்குப் பின்னால், புளியமரத்தடியில், ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. முன் சீட்டில் அவன் மனைவி நல்லம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

பிலோமினா டீச்சருக்குச் செங்கோடனைவிட வயது எப்படியும் பதினைந்து குறைவு. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பாடம் நடத்தியவர். அந்த வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் ஷெட் போட்டிருந்தார். மலை ஏறி இறங்கும் டிரைவர்கள் எல்லாருக்கும், தலை நரைத்தவர்களுக்கும்கூட, அவர் டீச்சர்தான். கேள்வி கேட்டால் லேசில் பதில் சொல்லமாட்டார். கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுப்பார், இல்லையென்றால் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்வார்.

"ஏன் ஆஃப் பண்ணக் கூடாது?" என்று கேட்டார்.

"பண்ணினா ஸ்டார்ட் ஆகாது."

"எப்ப இருந்து?"

"டீசல் பில்டர் மாத்தினதுல இருந்து."

"மாத்தினது யாரு?"

"நான்தான்."

அவன் கதையைச் சொன்னான். பில்டர் மாற்றிய மறுநாள் காலையில் வண்டி வெகுநேரம் கரகரத்து, இருமி, அப்புறம்தான் பிடித்தது. அதற்கு அடுத்த நாள் அதைவிட மோசம். மூன்றாவது நாள் நல்லம்மாவுக்கு டயாலிசிஸ். அன்றைக்குப் பார்த்து சுத்தமாகக் கிளம்பவில்லை.

ஊரே சேர்ந்து தள்ளி, இறக்கத்தில் உருட்டிக் கிளப்பி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய மெஷினில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். சாயங்காலம் வரைக்கும் பெஞ்சில் காத்திருந்தார்கள். முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு, அவள் அவன் தோளில் சரிந்து கிடந்தாள்.

அந்தப் பெஞ்சில் அவனுக்குள் புகுந்த பயம் இன்னும் வெளியே வரவில்லை.

அன்று வீடு திரும்ப மறுபடி தள்ளிக் கிளப்பிய வண்டியை அவன் அதற்குப் பிறகு அணைக்கவே இல்லை. ராத்திரியெல்லாம் வாசலில் ஓடியது. சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து ஓடினான். பங்க்கில் இன்ஜினை நிறுத்தச் சொல்வார்களே என்று, வண்டியை ரோட்டோரம் ஓடவிட்டுக் கேனில் டீசல் வாங்கிவந்து ஊற்றினான். நேற்று அடுத்த டயாலிசிஸுக்குப் போனபோது, ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் வந்து இன்ஜினை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். கத்திவிட்டுப் போகட்டும் என்று டிரைவர் சீட்டைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். அந்த வாட்ச்மேன் இவனைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

"நாளைக்குக் காலையில மறுபடி டயாலிசிஸ், டீச்சர். முதல் பஸ் மலையை விட்டு இறங்கறதுக்குள்ள மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. வண்டி நின்னுச்சுன்னா, இவ..."

முடிக்காமல் நல்லம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

டீச்சர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

"ஓடுற வண்டியில ஒரு குறையும் இல்லையேண்ணா."

"இல்லை."

"நின்னாத்தானே குறை?"

"ஆமா."

"அப்ப நிக்கட்டும். வந்து பார்க்கிறேன்."

சொல்லிவிட்டு, டீ கிளாசை எடுத்துக்கொண்டு, படுக்கப் போட்டிருந்த லாரி டயர் மேல் போய் உட்கார்ந்துவிட்டார்.

செங்கோடன் பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவன் மாதிரி.

"ஒரே ஒரு தடவை, ஓடும்போதே பாருங்க டீச்சர்."

"எதைப் பார்க்கறது?"

"ஆஃப் பண்ணி, அப்புறம் கிளம்பாமலே போயிட்டா?"

டீச்சர் டீயை ஊதிக் குடித்தார்.

அப்போது சத்தம் நின்றது.

நல்லம்மா கண்ணைத் திறக்காமலே எட்டிச் சாவியைத் திருப்பியிருந்தாள்.

அவன் பானெட்டை விட்டுவிட்டு அவள் பக்கம் ஓடினான். "அடிப்பாவி! என்னடி பண்ணிட்டே!"

"தலை வலிக்குதுங்க" என்றாள் அவள்.

டீச்சர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

பானெட்டைத் திறந்து, டேங்கில் இருந்து பில்டருக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றினார். அந்த இடத்தில், உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒன்றை மாட்டினார். கைப்பம்பை அழுத்தி அழுத்தி அதில் டீசலை நிரப்பினார்.

"இதைப் பார்த்துக்கிட்டு இருங்க."

"எவ்வளவு நேரம்?"

டீச்சர் பம்பை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

செங்கோடன் குனிந்து நின்று பார்த்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, பில்டர் பக்கத்து முனையில், கடுகளவு ஒரு குமிழி. அது மிளகளவு ஆயிற்று. டியூபில் இருந்த டீசல், யாரையும் எழுப்பாமல் வீட்டைவிட்டுப் போகிறவன் மாதிரி, டேங்கை நோக்கி நகர்ந்தது. அது இருந்த இடத்தில் காற்று வந்து நின்றது.

"இறங்குது டீச்சர்! டீசல் இறங்குது!"

"எங்கேயோ காத்து உள்ளே வருது. அதான் நிறுத்தினதும் டீசல் டேங்குக்கே திரும்பிடுது. காலையில பம்ப் இழுத்தா வெறும் காத்துதான் வரும்." டீச்சர் அவனைப் பார்த்தார். "முதல் நாள் ஸ்டார்ட் ஆகலைன்னதும் என்ன பண்ணினீங்க?"

"மாட்டும்போதே பில்டரை ஸ்பேனர் போட்டு இறுக்கியிருந்தேன். இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்."

"மறுநாள்?"

"இன்னும் கொஞ்சம்."

"அதுக்கு மறுநாள்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்று ஸ்பேனரில் இரும்பு பைப்பைச் சொருகி, பம்பர் மேல் ஏறி நின்று, உடம்பு பலத்தை எல்லாம் போட்டு இறுக்கியிருந்தான்.

டீச்சர் பில்டரைக் கழற்றினார். அவருக்கே மூச்சு வாங்கியது. பில்டர் வாயில் இருந்த ரப்பர் வளையம் ஒரு பக்கம் நசுங்கி, பிய்ந்து தொங்கியது. அதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

செங்கோடன் அதைப் பார்த்தான். "இது நான் பண்ணினதா?"

டீச்சர் புதுப் பில்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் வளையத்தில் டீசலைத் தொட்டுத் தடவி, அவனிடம் நீட்டினார். அவன் மாட்டிக் கையால் திருகினான். வளையம் போய்ப் படிந்தது. இன்னும் கொஞ்சம் திருகினான். நின்றது. பழக்க தோஷத்தில் கை ஸ்பேனரைத் தேடியது.

ஸ்பேனர் டயர் மேல் இருந்தது. அதன் மேல் டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், அந்த ஸ்பேனர்..."

"கை போதும்."

"வழியில கழண்டுக்கிட்டா?"

"கை போதும்ணா."

அடுத்து, உள்ளே சிக்கிய காற்று வெளியே போக, பில்டருக்கு மேலே இருந்த சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தச் சொன்னார். இறுக்கி இறுக்கியே பழகியவனைத் தளர்த்தச் சொன்னால் எப்படி இருக்கும்? விரல் வழுக்க வழுக்கத் தளர்த்தினான். டீச்சர் பம்பை அழுத்தினார். டீசல் நுரைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"மூடிடட்டுமா?"

"இன்னும்."

டீசல் வழிந்து தரையெல்லாம் ஆயிற்று.

"இப்ப?"

"இன்னும்."

நுரை அடங்கி, டீசல் தெளிந்து வந்தபிறகுதான் தலையசைத்தார்.

செங்கோடன் டிரைவர் சீட்டில் ஏறினான். சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினான். தொட்டதும் பிடித்துக்கொண்டது.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "டீச்சர், நீங்க நல்லா இருக்கணும்!"

"ஆஃப் பண்ணுங்க" என்றார் டீச்சர்.

"எதுக்கு? அதான் ஓடுதே!"

"இன்ஜின் சூடா இருக்கு, இப்ப ஓடத்தான் செய்யும். ஆறட்டும். ஆறி நின்ன வண்டி கிளம்பினாத்தான் நம்பலாம்."

செங்கோடன் நல்லம்மாவைப் பார்த்தான். அவள் இந்த முறை கையை நீட்டவில்லை. மடியிலேயே வைத்திருந்தாள்.

சாவியை அவன்தான் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினான். இன்ஜின் ஒருமுறை உதறி அடங்கியது. சாவியிலிருந்து அவன் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

டீச்சர் ஷெட்டுக்குள் போய்விட்டார்.

அவன் இறங்கிப் போய் டியூபுக்கு எதிரே நின்றான். கண்ணைக் கொட்டவில்லை. நல்லம்மாவும் மெல்ல இறங்கி, ஜீப்பைப் பிடித்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றாள்.

"குமிழி வருதாங்க?"

"இல்லை."

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீசல் அசையவில்லை. மரத்தில் அணில் கத்துவதுகூடக் கேட்டது.

"நானும் இப்படித்தான் பார்த்துக்கிட்டே கிடப்பேன்" என்றாள்.

"எதை?"

"மெஷின்ல, என் ரத்தம் போற டியூபை. குமிழி வந்தா மெஷின் கத்தும். நர்சம்மா ஓடி வருவாங்க. ஒரு நாள் பக்கத்துப் படுக்கையில அப்படிக் கத்துச்சு. அன்னையில இருந்து நான் கண்ணு மூடறதே இல்லை. அதையே பார்த்துக்கிட்டு கிடப்பேன்."

செங்கோடன் திரும்பினான். "பயந்துக்கிட்டா?"

"செத்துப் போயிடுவேனோன்னு பயமா இருக்குங்க."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே!"

"மூணு நாளா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க காதுல வண்டிச் சத்தம்தான் விழுது." அவள் குரலில் கோபம் இல்லை. "நேத்து நீங்க வந்து பக்கத்துல உட்காருவீங்கன்னு வாசப்படியைப் பார்த்தேன். மறுபடி டியூபைப் பார்த்தேன். மறுபடி வாசப்படியை. நீங்க வண்டியில இருந்தீங்க."

பெஞ்சில் வந்த பயத்தைவிடப் பெரிய பயம் இப்போது வந்தது அவனுக்கு. டியூபை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இது எப்போதிலிருந்து என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சொல்லு" என்றான். "இன்னும் என்னென்ன பயம்?"

அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

உள்ளேயிருந்து டீச்சரின் குரல் வந்தது. "அண்ணா, ஆறியிருக்கும். ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

செங்கோடன் இடத்தைவிட்டு நகரவில்லை.

"இருங்க டீச்சர். இவ பேசிக்கிட்டு இருக்கா."